பொய் உப்பரிகையும் நிறுத்தப்பட்ட கடிகாரமும்

லண்டனிலும் பாரிஸிலும் ரொறன்ரோவிலும் வாழும் எம்மவர்கள் ஐரோப்பாவைச் சுற்றிப் பார்ப்பதில் இன்று எவருக்கும் பின்னிற்பவர்கள் அல்லர். கோடை விடுமுறை வந்ததும் குடும்பம் குடும்பமாகப் புறப்பட்டு விடுகிறார்கள். அதில் எனக்கு மகிழ்ச்சியே. ஓர் அறைக்குள் எட்டுப் பேராக உறங்கி, இரண்டு வேலை மூன்று வேலை என்று உழைத்துப் பிள்ளைகளை ஆளாக்கிய ஒரு தலைமுறை சிறிது உலகத்தையும் பார்க்கட்டும். ஆனால் அவர்கள் எதைப் பார்த்துவிட்டு வருகிறார்கள் என்பதில்தான் எனக்குப் பிணக்கு.

வட இத்தாலியை எடுத்துக்கொள்ளுங்கள். மிலானில் பேராலயத்தின் முன் ஒரு படம். வெரோனாவில் ஜூலியட்டின் உப்பரிகையின் கீழ் ஒரு படம். வெனிஸில் கொண்டோலாப் படகில் ஒரு படம். மூன்று நகரங்கள், மூன்று நாட்கள், முந்நூறு படங்கள். பின்னர் முகநூலில் ஒரு வரி: “வட இத்தாலி பார்த்தாயிற்று.” இந்தப் “பார்த்தாயிற்று” என்ற சொல்லோடுதான் இக்கட்டுரை சண்டைக்கு வருகிறது. பார்ப்பதற்கென்றே செய்து வைக்கப்பட்டதைப் பார்த்துவிட்டு, உண்மையில் நடந்தவற்றின் அருகால் கடந்து போவதற்குப் பெயர் பயணம் அன்று. அதற்குப் பணம் வாங்குபவர்கள் அதனைச் சுற்றுலா என்பார்கள்.

2025 ஒக்டோபரில் ஒன்பது நாட்கள் மிலானிலிருந்து பொலோஞா வரை தனியாகப் பயணம் செய்தேன். அதிவேக ரயில் எதிலும் ஏறவில்லை. சிற்றூர்களில் எல்லாம் நின்று நின்று போகும் பிராந்திய ரயில்களிலேயே சென்றேன். நான் கண்ட அழகுகளை வரிசைப்படுத்துவது என் நோக்கமன்று. அதற்குப் பயணக் கைநூல்கள் உள்ளன. எனது வாதத்துக்கு வேண்டிய சாட்சியங்களை மட்டும் தருகிறேன்.

முதலில் மிலான் மத்திய புகையிரத நிலையம். 1931இல் திறக்கப்பட்ட மாபெரும் கட்டடம் அது. அதன் உயரத்தையும் கற்சிலைகளையும் அண்ணாந்து பார்த்து வியக்காதவர் இல்லை. முசோலினியின் ஆட்சிக்காலத்தில் நிறைவுபெற்ற கட்டடம் என்பதையும், மனிதனைச் சிறியவனாக உணரவைப்பது அத்தகைய கட்டடங்களுக்கு இயல்பே என்பதையும் எண்ணிப் பார்ப்பவர் சிலர். அக்கட்டடத்தின் அடியில் என்ன இருக்கிறது என்று கேட்பவரோ மிகச் சிலர்.

ரயில் மேடைகளுக்குக் கீழே, தெரு மட்டத்தில், முன்னர் தபால் பொதிகளை ஏற்றுவதற்கென அமைந்த ஒரு பகுதி உண்டு. அங்கே பொதிகளை ஏற்றிய பெட்டிகளை மின்தூக்கியால் மேலே உயர்த்தித் தண்டவாளத்தில் சேர்ப்பார்கள். 1943 டிசெம்பருக்கும் 1945 ஜனவரிக்கும் இடையில் அந்தப் பெட்டிகளில் ஏற்றப்பட்டவர்கள் மனிதர்கள்: யூதர்களும் அரசியற் கைதிகளும். 1944 ஜனவரி 30ஆம் திகதி அங்கிருந்து அவுஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்ட ரயிலில் அறுநூறுக்கும் மேற்பட்டோர் இருந்தனர். திரும்பி வந்தவர்கள் மிகச் சிலர். அவர்களுள் ஒருவர் அப்பொழுது பதின்மூன்று வயதுச் சிறுமியாயிருந்த லிலியானா சேக்ரே.

அந்த இடம் இன்று “21ஆம் மேடை” என்ற நினைவகம். உள்ளே நுழைந்ததும் எதிரே நீண்ட சாம்பல் நிறச் சுவரில் பெரிய எழுத்துக்களில் ஒரே ஒரு இத்தாலியச் சொல். அதன் பொருள்: அலட்சியம். வெறுப்பு என்றோ கொலை என்றோ அங்கு எழுதப்படவில்லை. அச்சொல்லைத் தெரிந்தவர் லிலியானா சேக்ரே அம்மையாரே. ஒரு பெருநகரத்தின் நடுவில், மனிதர்கள் கொண்டு செல்லப்பட்டபோது, கண்டும் காணாதிருந்த மக்களைப் பற்றிய தீர்ப்பு அது. 2018இல் இத்தாலி அவரை ஆயுட்கால செனற்றராக்கிக் கௌரவித்தது. 2019இல் இணையத்தில் குவிந்த வசைகளும் மிரட்டல்களும் காரணமாக 89 வயதான அவருக்குப் பொலிஸ் பாதுகாப்பு வழங்க வேண்டியதாயிற்று. இவை பழைய கதைகள் என்று சொல்பவர்கள் இதனைக் கவனிக்க வேண்டும்.

அதே நினைவகம் 2015ஆம் ஆண்டுக் கோடையில், மத்தியதரைக் கடலைக் கடந்து வந்து ரயில் நிலையத்தில் தங்க இடமின்றித் தவித்த அகதிகளுக்கு இரவில் உறங்க இடம் கொடுத்தது. நினைவு என்பது மலர்வளையம் வைப்பதோடு முடிந்துவிடுவதல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆனால் மேலே, மேடைகளுக்குச் செல்லும் வழியெங்கும் ஆடைக் கடைகளும் கோப்பிக் கடைகளும் பளபளக்கின்றன. பெட்டியை இழுத்துக்கொண்டு அவ்வழியே விரையும் பயணிக்குத் தன் காலடியில் இருப்பது தெரிவதில்லை.

மிலானிலிருந்து வெரோனாவுக்கு அதிவேக ரயிலில் போகிறவர் ஒரு மணித்தியாலம் சொச்சத்தில் போய்விடுவார். நான் ஏறிய காலை ரயிலில் வேலைக்குச் செல்பவர்கள் நிறைந்திருந்தனர். எதிரே அமர்ந்திருந்த அம்மா ஒருவர் என்னைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, “மஹத்தயா லங்காவெத?” என்று சிங்களத்தில் கேட்டார். வென்னப்புவவைச் சேர்ந்தவர். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இங்கே முதியோரைப் பராமரிக்கும் வேலை செய்பவர். “இவர்களுடைய கிழவர் கிழவிகளை நாங்கள்தான் பார்க்கிறோம், மஹத்தயா. என்னுடைய அம்மாவை ஊரில் வேறு யாரோ பார்க்கிறார்கள்” என்றார். சுற்றுலாப் பேருந்தின் கண்ணாடிக்குள்ளால் இவரைக் காண முடியாது. பிலிப்பைன்ஸ், பெரு, உக்ரேன், இலங்கை என்று எங்கிருந்தோ வந்த பெண்களின் கைகளில்தான் வட இத்தாலியின் முதுமை ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. இதுவும் அந்நகரங்களின் காட்சிதான். இதற்கு அஞ்சலட்டை கிடையாது.

நான் பிரெஷாவில் இறங்கினேன். அங்கே நகர மண்டபத்தின் முன்னால் லோஜியா சதுக்கம் என்று ஓர் அழகிய திறந்தவெளி. 1974 மே 28ஆம் திகதி காலை அங்கே பாசிசத்துக்கு எதிராகத் தொழிற்சங்கங்கள் கூட்டிய கூட்டத்தில், குப்பைத் தொட்டியில் வைக்கப்பட்டிருந்த குண்டு வெடித்து 8 பேர் மாண்டனர். நூறு பேர் வரையில் காயமுற்றனர். இறந்தவர்களுட் பலர் ஆசிரியர்கள். வெடித்த சிறிது நேரத்திலேயே சதுக்கம் நீர் பாய்ச்சிக் கழுவப்பட்டது. தடயங்களும் அதனோடு கழுவுண்டு போயின. குற்றவாளிகள் இருவரின் ஆயுள் தண்டனை இறுதியாக உறுதியானது 2017இல். 43 ஆண்டுகள்! ஆயினும் சிதறுண்ட அந்தத் தூணை நகரம் செப்பனிடாமல் அப்படியே வைத்திருக்கிறது. கழுவியவர்களால் கழுவ முடியாமற் போனது அது ஒன்றுதான்.

இனி வெரோனா.

ஜூலியட் என்றொரு பெண் அந்த வீட்டில் வாழவில்லை. அவ்வீடு பழையதுதான், ஆனால் அந்த உப்பரிகை பழையதன்று. 1936இல் ஹொலிவூட் தயாரித்த ரோமியோ ஜூலியட் படம் வெளிவந்து பேர்பெற்ற பின்னர், நகர அருங்காட்சியகப் பொறுப்பாளராயிருந்த அந்தோனியோ அவேனா, பழைய கற்துண்டங்களைக் கொண்டு பொருத்திவித்தது அது. முற்றத்தில் நிற்கும் ஜூலியட் சிலையைத் தொட்டால் காதல் கைகூடும் என்றொரு வழக்கத்தை யாரோ கிளப்பிவிட்டார்கள். தொட்டுத் தொட்டு அந்த வெண்கலச் சிலை பழுதடைந்தது. 2014இல் அதனை உள்ளே எடுத்துவிட்டு வெளியே ஒரு பிரதியை நிறுத்தினார்கள். பொய்க்குப் பிரதி! அதற்கும் வரிசை. நான் போன அன்று அந்த ஒடுங்கிய வாயிலுக்குள் நுழைவதற்குத் தெருவில் நின்றவர்களின் தொகையைப் பார்த்து, உள்ளே போகாமலே நடையைக் கட்டினேன்.

அங்கிருந்து பத்து நிமிட நடையில் அடிஜே ஆற்றின் மேல் ஒரு கற்பாலம் இருக்கிறது. ரோமர் காலத்தது. 1945 ஏப்ரலில் பின்வாங்கிச் சென்ற ஜேர்மன் படைகள் நகரத்துப் பாலங்களைத் தகர்த்தபோது அதுவும் தகர்ந்தது. வெரோனா மக்கள் 1950களின் பிற்பகுதியில் ஆற்றின் அடியிலிருந்து கற்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து, அவற்றைக் கொண்டே மீண்டும் அதனைக் கட்டினார்கள். வெள்ளைக் கல் ஒரு புறமும் செங்கல் ஒரு புறமுமாக இன்று நிற்கும் அப்பாலத்தில் நான் ஒரு மணித்தியாலம் நின்றேன். கடந்து போனவர்கள் பெரும்பாலும் உள்ளூர் மக்கள். காதலைப் பற்றித்தான் வெரோனாவில் அறிய வேண்டும் என்றால், தன் ஊர்ப் பாலத்தின் கற்களை ஆற்றுக்குள் இறங்கித் தேடிய மக்களின் காதல் போதாதா? ஒருபோதும் இல்லாத பெண்ணின் ஒருபோதும் இல்லாத உப்பரிகைதான் வேண்டுமா?

வெனிஸின் கதை இன்னும் கசப்பானது. 1951இல் அந்தப் பழைய தீவு நகரில் ஏறத்தாழ 1,75,000 பேர் வாழ்ந்தனர். 2022இல் அத்தொகை 50,000க்குக் கீழே இறங்கியது. மருந்துக்கடை ஒன்றின் கண்ணாடியில், எஞ்சியிருக்கும் குடிகளின் எண்ணிக்கையைக் காட்டும் மின்பலகை ஒன்றை 2008இல் வைத்தார்கள். நோயாளியின் நாடித்துடிப்பைப் போல அது இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. வீடுகள் எல்லாம் நாள் வாடகை அறைகளாகிவிட்டன. பாண்கடை இருந்த இடத்தில் முகமூடிக் கடை.

இதற்கு நகரசபை கண்ட மருந்து நுழைவுக் கட்டணம். 2024 ஏப்ரல் 25 முதல் அவ்வாண்டில் தெரிந்தெடுத்த 29 நாட்களில் தலைக்கு 5 யூரோ. 2025இல் 54 நாட்கள். முன்கூட்டியே பதியாதவர்களுக்கு 10 யூரோ. நான் சென்றது அந்நாட்களுக்கு வெளியே என்பதால் என்னிடம் எதுவும் அறவிடப்படவில்லை. ஆகவே என் காசு போன ஆத்திரத்தில் எழுதுகிறேன் என்று எவரும் எண்ண வேண்டாம். இக்கட்டணம் யாரிடம் அறவிடப்படுகிறது? காலையில் ரயிலில் வந்து மாலையில் திரும்பும் பயணியிடம். ஹொட்டேலில் தங்குபவருக்கு விலக்கு. அவர் வேறு வரி செலுத்துகிறாராம். வருவோர் தொகைக்கு உச்சவரம்பும் இல்லை. காசு கொடுத்தால் எத்தனை பேரும் வரலாம். குடிமக்களை வெளியேற்றியது நாள் வாடகை அறைகள். தண்டனை ரயில் பயணிக்கு. அதைவிடப் பெரிய கேடு ஒன்றுண்டு. நகரவாசலில் நுழைவுச்சீட்டு விற்கத் தொடங்கிய அன்றே அது நகரமன்று, பொருட்காட்சி என்று நகரசபையே ஒப்புக்கொண்டதாகிறது.

அந்த ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்ததும் கூட்டம் முழுவதும் சான் மார்க்கோவை நோக்கி ஓடுகிறது. இடப்புறம் திரும்பிப் பத்து நிமிடம் நடந்தால் ஒரு சிறு பாலத்துக்கு அப்பால் அமைதியான ஒரு முற்றம் வரும். 1516இல் வெனிஸ் குடியரசு தன் யூதர்களை அடைத்து வைத்த இடம். இரவானதும் வாயில்களைப் பூட்டிக் காவல் போட்டார்கள்; 1797இல் நெப்போலியனின் படைகள் வரும் வரையில் அவ்வாயில்கள் இருந்தன. “கெட்டோ” என்ற சொல்லை உலகத்துக்குக் கொடுத்தது அந்த முற்றம். கெட்டோ என்ற சொல்லைத் தன் கட்டுரைகளில் அள்ளித் தெளிக்கும் எங்கள் எழுத்தாளர் எத்தனை பேர் வெனிஸுக்குப் போய்க் கொண்டோலாவில் மட்டும் ஏறி இறங்கியிருக்கிறார்கள்!

கடைசியாகப் பொலோஞா. எனது வாதத்தின் மையம் இதுவே.

1980 ஓகஸ்ட் 2ஆம் திகதி, சனிக்கிழமை. இத்தாலி முழுவதும் விடுமுறைக்குப் புறப்பட்ட நாள். காலை 10.25க்குப் பொலோஞா நிலையத்தின் இரண்டாம் வகுப்புக் காத்திருப்பு அறையில் ஒரு பெட்டிக்குள் இருந்த குண்டு வெடித்தது. 85 பேர் மாண்டனர். 200 பேர் வரையில் காயமுற்றனர். மாண்டவர்களுள் மிக இளையவருக்கு மூன்று வயது. பிரித்தானியா, ஜேர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின், யப்பான் முதலிய நாடுகளைச் சேர்ந்தவர்களும் அதில் அடக்கம். அதாவது உங்களையும் என்னையும் போல ஊர் பார்க்க வந்தவர்கள், ரயிலுக்காகக் காத்திருந்தவர்கள். அம்புலன்ஸ்கள் போதாமல் 37ஆம் இலக்க நகரப் பேருந்தில், ஜன்னல்களை வெள்ளைத் துணிகளால் மறைத்து, உடல்களைக் கொண்டு சென்றார்கள்.

அந்த அறை இன்றும் காத்திருப்பு அறைதான். அதற்கு அனுமதிச் சீட்டு இல்லை. மக்கள் பாணைக் கடித்துக்கொண்டும் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டும் ரயிலுக்காக அமர்ந்திருக்கிறார்கள். சுவரில் பிளந்த இடம் பிளந்தபடியே விடப்பட்டிருக்கிறது. பக்கத்தில் 85 பெயர்களும் வயதுகளும். வெளியே, கட்டடத்தின் முகப்பில், 10.25இல் நிற்கும் கடிகாரம்.

இந்தக் கடிகாரம் பற்றி ஒரு நுட்பமான செய்தி உண்டு. வெடித்த அன்று நின்றுபோன அது பின்னர் திருத்தப்பட்டு ஓடியது. 1990களின் நடுப்பகுதியில்தான் அதனை நிரந்தரமாக 10.25இல் நிறுத்தி வைப்பதென்று முடிவாயிற்று. இதனைச் சுட்டிக்காட்டி, “வெரோனாவின் உப்பரிகையும் செய்து வைத்தது, பொலோஞாவின் கடிகாரமும் செய்து வைத்தது, ஒன்றைப் பழித்து மற்றதைப் போற்றுவது என்ன நியாயம்?” என்று கேட்கலாம். நல்ல கேள்வி. ஆனால் ஒன்று நடக்காததை நடந்ததாகக் காட்டிக் காசு பார்க்கிறது. மற்றது நடந்ததை நடக்காததாக்க விடமாட்டோம் என்கிறது. கடிகாரம் தானாக நின்றிருந்தால் அது வெறும் பழுதடைந்த பொருள். நகரம் அதனை நிறுத்தியது என்பதில்தான் அதன் பெருமை இருக்கிறது.

இவ்விடத்தில் இத்தாலிய அரசை யாரும் புகழ வேண்டியதில்லை. விசாரணையைத் திசைதிருப்பியதற்காக அந்நாட்டின் இராணுவ உளவுத்துறை அதிகாரிகளே தண்டிக்கப்பட்டார்கள். நவ பாசிசவாதிகள் இருவருக்கு ஆயுள் தண்டனை இறுதியானது 1995இல். 2022இல் இன்னொருவருக்கு விதிக்கப்பட்ட ஆயுள் தண்டனையை 2025இல்தான் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 45 ஆண்டுகள் அவ்வழக்கை உயிரோடு வைத்திருந்தவர்கள் 1981இல் சங்கமாகத் திரண்ட இறந்தவர்களின் உறவினர்களும், ஆண்டுதோறும் ஓகஸ்ட் 2இல் அந்நிலையத்தின் முன் கூடி 10.25க்கு ரயில் ஊதலோடு மௌனம் காக்கும் அந்நகர மக்களுமே.

இப்பொழுது அதிவேக ரயிலுக்கு வருகிறேன். 2013இல் பொலோஞாவில் நிலத்துக்கு அடியில், இருபது மீற்றருக்கும் கீழே, அதிவேக ரயில்களுக்கென்று புதிய நிலையம் திறந்தார்கள். மிலானில் ஏறினால் ஒரு மணித்தியாலத்தில் அங்கே இறங்கலாம். நிலத்தடியிலேயே புளோரன்ஸை நோக்கித் தொடரலாம். கடிகாரமும் தெரியாது, பிளந்த சுவரும் தெரியாது. பொறியியற் சாதனை என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு நகரத்தின் நெஞ்சுக்குக் கீழால் அதனைத் தொடாமலே போய்வரும் வசதியைக் காசு கொடுத்து வாங்குகிறோம் என்பதையும் உணர வேண்டும்.

எனக்கு வரக்கூடிய மறுப்புகளை அறிவேன். “வருடம் முழுவதும் உழைத்தவன் விடுமுறையிலும் துக்கம் கொண்டாட வேண்டுமா?” வேண்டாம். நன்றாக உண்ணுங்கள், கொண்டோலாவிலும் ஏறுங்கள். பத்து நாள் பயணத்தில் ஒரு கால் மணித்தியாலம் ஒரு சுவரின் முன் நிற்பதால் எவருடைய விடுமுறையும் கெட்டுப்போவதில்லை. “மெதுவாகப் போவது ஓய்வுபெற்றவருக்குக் கட்டும், எங்களுக்கு மூன்று நாட்கள்தான்.” அப்படியானால் மூன்று நாட்களில் ஐந்து நகரங்களை ஏன் திணிக்கிறீர்கள்? இரண்டு போதும். பிராந்திய ரயிலில் கட்டணமும் குறைவு.

“இது எங்கள் வரலாறு அன்றே” என்பது மூன்றாவது மறுப்பு. இதற்குத்தான் எனக்கு மெய்யாகவே கோபம் வருகிறது. யாழ்ப்பாணம் ரயில் நிலையம் 1990இலிருந்து தண்டவாளமும் கூரையுமின்றிக் கிடந்து 2014 ஒக்டோபரில் மீண்டும் திறக்கப்பட்டது. இன்று அழகிய நிலையம். கொழும்பிலிருந்து வரும் உல்லாசப் பயணிகள் அங்கே படம் எடுத்துவிட்டு நல்லூருக்கும் நெடுந்தீவுக்கும் போகிறார்கள். இடைப்பட்ட 24 ஆண்டுகளைப் பற்றி அவர்கள் ஒரு கேள்வியும் கேட்பதில்லை என்று நாங்கள் குறைப்படுகிறோம். நியாயமான குறைதான். அதே குறையைப் பொலோஞாக்காரர் எங்கள் மீது சொன்னால் என்ன பதில் வைத்திருக்கிறோம்? எங்கள் காயத்தை உலகம் நின்று பார்க்க வேண்டும், உலகத்தின் காயத்தை நாங்கள் கடந்து போவோம் என்பது எந்த ஊர் நீதி?

ஆகவே வட இத்தாலிக்குப் போக எண்ணுபவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பட்டியலில் பாதியை வெட்டிவிடுங்கள். சிறு ரயிலில் ஏறுங்கள். ஏறுமுன் மேடையில் உள்ள பொறியில் சீட்டைப் பதிய மறவாதீர்கள், இல்லையேல் தண்டம் அறவிடுவார்கள். மிலானில் படியேறு முன்னர் நிலையத்தின் பக்கத் தெருவால் கீழ்த்தளத்துக்குப் போங்கள். வெரோனாவில் ஆற்றங்கரைக்கு நடவுங்கள். வெனிஸில் இடப்புறம் திரும்புங்கள். பொலோஞாவில் மேலே ஏறி வாருங்கள். உங்கள் பிள்ளைகளையும் உடன் கொண்டு போங்கள். அவர்கள் கேள்வி கேட்பார்கள், பதில் தெரியாவிட்டால் சுவரில் எழுதியிருப்பதைச் சேர்ந்து வாசியுங்கள். அந்த ஒரு சொல் மிலானியருக்கு மட்டும் எழுதப்பட்டதன்று.